முகத்துக்கு என்ன போடலாம்? கூகுள் தேடல் கோடு சொல்வதும் சொல்லாததும்

டாக்டரிடம் கேட்கக் கூச்சம். தோழியிடம் கேட்டால் கிண்டல். அம்மாவிடம் கேட்டால் பதில் எப்போதும் கடலை மாவுதான். கடைசியில் ராத்திரி 11 மணிக்குப் போனை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கூகுளில் தட்டுவதுதான் நடக்கிறது. 'பரு தழும்பு போக என்ன செய்யணும்', 'சன்ஸ்க்ரீன் போட்டா முகம் கறுக்குமா', 'நியாசினமைடு தினமும் போடலாமா'.

அப்படித் தட்டிய கேள்வி அங்கேயே முடிந்துபோவதில்லை. யார் கேட்டார் என்ற அடையாளம் நீக்கப்பட்டு, மற்ற எத்தனையோ பேரின் கேள்விகளோடு சேர்ந்து ஒரு கோடாக மாறுகிறது. அந்தக் கோட்டை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற பெயரில் 2006 முதல் இந்த வசதி இருக்கிறது.

அழகுசாதன நிறுவனத்தின் மார்க்கெட்டிங் டீம் இதைப் பார்க்கிறது. அடுத்த வீடியோவுக்கு டாபிக் தேடும் யூடியூபர் பார்க்கிறார். சின்ன அளவில் சோப் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறவரும் பார்க்கிறார். பார்ப்பது சுலபம். தப்பாகப் படிப்பது அதைவிடச் சுலபம். பெரிய கம்பெனிக்கு அந்தத் தப்பு ஒரு மீட்டிங்கோடு போய்விடும். அடுத்த பேட்ச்சுக்கு எந்தப் பொருளை மூட்டையாக வாங்குவது என்று முடிவெடுக்கும் சின்ன வியாபாரிக்கு அது கைக்காசு.

100 என்றால் 100 பேர் இல்லை

ட்ரெண்ட்ஸ் பக்கத்தில் 'சன்ஸ்க்ரீன்' என்று போட்டு, நாடு இந்தியா, காலம் கடந்த 5 ஆண்டுகள் என்று தேர்ந்தெடுங்கள். 0 முதல் 100 வரை ஏறி இறங்கும் ஒரு கோடு வரும். இந்த 100 என்பது 100 பேரும் இல்லை, 100 லட்சமும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தச் சொல்லின் மீதான ஆர்வம் உச்சத்தில் இருந்த வாரத்துக்கு 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். மற்ற வாரங்கள் எல்லாம் அதோடு ஒப்பிடப்பட்டவை. 50 என்றால் உச்சத்தில் பாதி. அவ்வளவுதான்.

அந்த 'ஆர்வம்' என்பதும் எண்ணிக்கை கிடையாது, பங்கு. அந்த வாரம் அந்தப் பகுதியில் நடந்த மொத்தத் தேடலில் சன்ஸ்க்ரீனுக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்கிறார்கள். அதுவும் எல்லாத் தேடலையும் எண்ணி அல்ல, ஒரு மாதிரியை எடுத்து. சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது போல. அதனால்தான் இன்றைக்குப் போட்ட அதே சொல்லை நாளைக்குப் போட்டால் எண்கள் லேசாக மாறியிருக்கும். போன் கெட்டுப்போகவில்லை, கருவியின் குணமே அதுதான்.

பங்கு என்பதில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு காலத்தில் மொத்தம் 1,000 தேடல்கள், அதில் 'ஃபேர்னஸ் க்ரீம்' 10. பங்கு 1 சதவீதம். சில வருடம் கழித்து மொத்தத் தேடல் 10,000 ஆகிறது, அதில் 'ஃபேர்னஸ் க்ரீம்' 80. பங்கு 0.8 சதவீதம். தேடல் 8 மடங்காகிவிட்டது. கோடு மட்டும் கீழே இறங்கியிருக்கும். 'அட, மவுசு குறைஞ்சிடுச்சு' என்று யாராவது ஒருவர் ரிப்போர்ட்டே எழுதிவிடுவார்.

இந்தியாவுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ட்ரெண்ட்ஸ் தரவு 2004 வரை பின்னால் போகும். 2004-ல் இங்கே இணையம் யாருடைய கையில் இருந்தது? ஐ.டி. அலுவலகம், கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு உள்ளே வந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் தேடியது பாட்டு, கிரிக்கெட் ஸ்கோர், பரீட்சை ரிசல்ட், ரேஷன் கார்டு என்று எல்லாமும். மொத்தம் பெருத்துக்கொண்டே போனது. ஆகவே 2006-ஐயும் 2020-ஐயும் ஒரே கோட்டில் வைத்துப் பேசுவது இரண்டு வேறு ஊர்களின் சந்தையை ஒப்பிடுவது மாதிரிதான். போதாததற்கு கூகுளே தரவு சேகரிக்கும் முறையை இடையிடையே மாற்றியிருக்கிறது. 2016 ஜனவரியிலும் 2022 ஜனவரியிலும் கோட்டின் மேல் சின்னக் குறிப்பு ஒன்று தெரியும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஷேர் செய்கிறவர்கள் முதலில் வெட்டிவிடுவது அந்தக் குறிப்பைத்தான்.

மாநில வாரிப் பட்டியலும் இதே கதை. 'கொரியன் ஸ்கின்கேர்' என்று போட்டு மணிப்பூரோ நாகாலாந்தோ முதலிடத்தில் வந்தால், நாட்டிலேயே அங்கேதான் அதிகம் பேர் தேடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அங்கே நடக்கும் தேடலில் அதற்குப் பெரிய இடம் இருக்கிறது, அவ்வளவே. தமிழ்நாட்டில் அதைவிடப் பல மடங்கு பேர் தேடியும் பட்டியலில் கீழே இருக்கலாம்.

இன்னொன்று. திடீரென ஏறும் தேடல்களுக்குப் பக்கத்தில் சில நேரம் எண்ணுக்குப் பதில் 'பிரேக்அவுட்' என்று போட்டிருக்கும். சரும உலகில் பிரேக்அவுட் என்றால் முகம் முழுக்கப் பரு கிளம்புவது. இங்கே அது 5,000 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். மிரள வேண்டியதில்லை. அடியில் இருந்த எண்ணிக்கை ரொம்பச் சின்னதாக இருந்தால் இந்த ஏற்றம் சுலபமாக வந்துவிடும்.

டிசம்பர் என்றால் எந்த ஊர் டிசம்பர்?

இந்தக் கருவி நம்பிக்கையாக வேலை செய்யும் இடம் பருவம். இந்தியாவில் சன்ஸ்க்ரீன் தேடல் வருடா வருடம் வெயிலோடு ஏறி, மழையோடு இறங்கும். லிப் பாம், மாய்ஸ்சரைசர் குளிர்காலத்தில் ஏறும். ஆஸ்திரேலியாவைப் போட்டால் சன்ஸ்க்ரீன் டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்குப் போகும். அங்கே அப்போதுதானே கோடை.

இதில் வியாபாரிக்கு நேரடிப் பலன் உண்டு. மார்ச்சில் தேடல் ஏறுகிறது என்றால் சரக்கு பிப்ரவரிக்குள் கையில் இருக்கணும். அதேபோல 'போன மாதத்தைவிட தேடல் 2 மடங்கு' என்று யாராவது ஏப்ரலில் சொன்னால் அதில் சேதி எதுவும் இல்லை. போன வருட ஏப்ரலோடு ஒப்பிட்டால்தான் சேதி.

ஆனால் 'இந்தியா' என்று தேர்ந்தெடுத்துவிட்டு சென்னைக்கு முடிவெடுக்கக் கூடாது. நாட்டுக் கோட்டில் டிசம்பரில் மாய்ஸ்சரைசர் ஏறுவது டெல்லி, லக்னோ பக்கத்துக் குளிர். சென்னையில் டிசம்பர் என்றால் மழையும் ஈரமும்தான். பகுதியைத் தமிழ்நாடு என்று மாற்றிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுவது நல்லது.

டோனர் வாங்கப் போய் பிரிண்டரில் முடிவது

சரும உலகின் சொற்கள் பாதிக்கு மேல் வேறு எதற்கோ சொந்தமானவை. டோனர் என்றால் பிரிண்டருக்கும் டோனர். சீரம் என்றால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் சீரம். ஃபவுண்டேஷன் என்றால் அறக்கட்டளையும் வரும், கட்டட அஸ்திவாரமும் வரும். ஹிமாலயா ஃபேஸ் வாஷா, மலையா? 'மாஸ்க்' என்று போட்டு 2020-ஐப் பார்த்தால் கோடு வானத்துக்கு ஏறியிருக்கும். ஃபேஸ் மாஸ்க் ட்ரெண்ட் என்று சந்தோஷப்பட்டால், அது கொரோனா முகக்கவசம்.

வழி இருக்கிறது. சொல்லைத் தட்டும்போதே கீழே சில பரிந்துரைகள் வரும். வெறும் 'தேடல் சொல்' என்று எடுத்தால் அந்த எழுத்துகளை மட்டும் பார்க்கும். 'டாபிக்' என்று எடுத்தால் அந்தப் பொருளைக் குறிக்கும் வேறு சொற்களையும், வேறு மொழிச் சொற்களையும் சேர்த்துப் பார்க்கும். கூடவே 'அழகு மற்றும் ஃபிட்னஸ்' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் ஆட்கள் பெருமளவு விலகிவிடுவார்கள். பெருமளவுதான், முழுசாக இல்லை. கீழே வரும் 'தொடர்புடைய தேடல்கள்' பட்டியலைக் கண்ணால் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது எந்த ஃபில்டரையும்விட நம்பகமானது. அதில் பிரிண்டர் மாடல் நம்பர் இருந்தால் தெரிந்துவிடுமே.

எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே வேண்டும் என்பவர்களுக்குக் கூகுள் விளம்பரக் கணக்கில் கீவேர்ட் ப்ளானர் என்று ஒன்று உண்டு. மாதத்துக்கு எத்தனை தேடல் என்று சொல்லும். விளம்பரத்துக்குக் காசு போடாதவர்களுக்கு '1,000 முதல் 10,000 வரை' என்ற மாதிரி அகலமான பதில்தான் கிடைக்கும். 1,000-க்கும் 10,000-க்கும் நடுவில் ஒரு கடையே மூடிவிடலாம் என்பது வேறு விஷயம்.

நலங்கு மாவை எத்தனை விதமாக எழுதலாம்?

மதுரையில் ஒருவர் நலங்கு மாவு அரைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஸ்தூரி மஞ்சள், பச்சைப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு போட்டு அரைத்த, குழந்தைக்குக்கூடத் தேய்த்துக் குளிப்பாட்டும் பொடி. இதை யாராவது தேடுகிறார்களா என்று பார்க்க, தமிழில் 'நலங்கு மாவு' என்று போடுகிறார். கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பல வாரங்களுக்கு 0.

இங்கே 0 என்றால் யாருமே தேடவில்லை என்று பொருள் இல்லை. கணக்கில் காட்டும் அளவுக்குத் தேடல் இல்லை என்றுதான் பொருள். அதைவிட முக்கியம், தமிழர்கள் தமிழ்ப் பொருளைத் தமிழ் எழுத்தில்தான் தேடுவார்கள் என்ற எண்ணமே தப்பு. கீபோர்டை மாற்றச் சோம்பல். ஆங்கில எழுத்தில் நலங்கு மாவு என்று தட்டுவார்கள். அதிலும் 'மாவு'வுக்கு ஒருவர் ஒரே ஒரு 'ஏ' போடுவார், இன்னொருவர் இரண்டு 'ஏ' போடுவார். 'நலங்கு' சிலருக்கு 'நலுங்கு'. சிலருக்கு அது 'பேபி பாத் பவுடர்', சிலருக்கு 'ஹெர்பல் பாத் பவுடர்'. ஒரே பொடிக்கு அரை டஜன் பெயர்.

ட்ரெண்ட்ஸில் இதற்கு ஒரு எளிய உத்தி உண்டு. சொற்களுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால், அவற்றில் எதைத் தேடியிருந்தாலும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். எல்லா எழுத்துக்கூட்டலையும் கூட்டல் குறியால் கோத்துப் போட்டால், தரையில் கிடந்த கோடு எழுந்து உட்கார வாய்ப்பு உண்டு. அப்போதும் எழவில்லை என்றால், தேடும் இடத்தை 'வெப்' என்பதிலிருந்து 'யூடியூப்' என்று மாற்றணும். முகத்துக்கு என்ன போடுவது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒருவர் போட்டுக் காட்டுவதைப் பார்ப்பதுதான் பலருக்குப் பிடிக்கிறது.

பரு விஷயத்திலும் இதே சிக்கல். 'முகப்பரு' என்பது பாடப்புத்தகச் சொல். வீட்டில் 'பரு'. காலேஜில் 'பிம்பிள்'. டாக்டர் சீட்டில் 'ஆக்னே'. நான்கையும் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டால், ஒரே பிரச்சினையோடு வரும் வெவ்வேறு ஆட்கள் தெரிவார்கள். 'ஆக்னே' என்று தேடுகிறவர் அநேகமாக சாலிசிலிக் ஆசிட் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பார். 'பரு போக' என்று தேடுகிறவருக்கு கற்றாழையும் வேப்பிலையும் காட்டும் வீடியோ கிடைக்கும். விளம்பரக்காரர்கள் முதல் ஆளைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது ஆளின் கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பது திறந்தே கிடக்கிறது. வியாபாரத்துக்கும் சரி, ஆரோக்கியத்துக்கும் சரி.

'சிவப்பழகு' எங்கே போனது?

இந்தியச் சரும சந்தையின் கதையைச் சொற்களை வைத்தே சொல்லிவிடலாம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் இங்கே விற்பனைக்கு வந்தது. விளம்பரத் தமிழுக்கு 'சிவப்பழகு' என்ற சொல் பழகிப்போனது இத்தகைய க்ரீம்களால்தான். மாநிறமும் கறுப்பும் பெரும்பாலான முகங்களில் இருக்கும் ஊரில், டியூபில் வரும் சிவப்பைக் காட்டி வேலை கிடைக்கும், வரன் அமையும் என்று பல வருடம் சொன்னார்கள். அதற்கு எதிரான குரலும் சென்னையிலிருந்தே வந்தது. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தை 2009-ல் தொடங்கியது சென்னையைச் சேர்ந்த 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு. நிறத்தை வைத்து ஒருவரை மட்டம் தட்டும் விளம்பரம் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-ல் விதி கொண்டுவந்தது.

2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து நிறவெறிக்கு எதிரான போராட்டம் உலகம் முழுக்கப் பரவியபோது, 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிடுவதாக ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஜூன் மாதம் அறிவித்தது. அடுத்த மாதமே க்ரீமின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி'.

தேடல் தரவைப் பார்க்கிறவருக்கு இங்கே ஒரு பாடம். பெயர் மாறிய அன்று பழைய பெயரின் கோடு ஏறும். வாங்கப் போகிறவர்களால் அல்ல, செய்தி படித்தவர்களால். பிறகு பழைய பெயர் இறங்கி, புதுப்பெயர் ஏறத் தொடங்கும். இரண்டையும் கூட்டாமல் பழைய பெயரின் கோட்டை மட்டும் காட்டி 'இந்தியா நிற மோகத்திலிருந்து விடுபட்டுவிட்டது' என்று எழுதினால் அது கதை.

சரி, மோகம் நிஜமாகவே குறைந்ததா? இதற்கு ஒற்றைச் சொல் போதாது. 'ஃபேர்னஸ்' என்ற சொல்லை நிறுவனங்கள் கைவிட்டால் மக்களும் அதைத் தேடுவதைக் குறைப்பார்கள். ஆசை வேறு சொல்லுக்குக் குடிபோகும். 'க்ளோ', 'பிரைட்டனிங்', 'டான் ரிமூவல்', 'கிளாஸ் ஸ்கின்', 'குளுதாதயோன்'. இதில் எது சருமம் நன்றாக இருக்கணும் என்ற ஆசை, எது பழைய சிவப்பழகின் புதுச்சட்டை? தொடர்புடைய தேடல்கள்தான் காட்டிக்கொடுக்கும். 'நியாசினமைடு' என்பதற்குக் கீழே பரு, எண்ணெய்ப்பசை என்று வந்தால் ஒரு கதை. முகம் வெள்ளையாகுமா என்று வந்தால் வேறு கதை.

அந்த நியாசினமைடு ஒன்றும் புது மருந்து இல்லை. வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். க்ரீம் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடந்த பெயரை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்ததுதான் புதுசு. கனடாவின் தி ஆர்டினரி 2016-ல் அதை ஆரம்பித்தது. பொருளின் பெயர், அதன் சதவீதம், குறைந்த விலை. இந்தியாவில் 2020-ல் தொடங்கிய ஜெய்ப்பூரின் மினிமலிஸ்ட் அதே வழியில் வந்தது. அந்த மினிமலிஸ்ட்டின் 90.5 சதவீதப் பங்கை வாங்குவதாக 2025 ஜனவரியில் அறிவித்த நிறுவனம் எது தெரியுமா? ஹிந்துஸ்தான் யூனிலீவர். சிவப்பழகு விற்ற வீட்டிலேயே இப்போது சீரமும்.

ஒரு பொருளின் பெயரைக் கடைக்காரர் சொல்லி வாங்கிய தலைமுறை போய், பெயரைத் தேடிவிட்டுக் கடைக்குப் போகும் தலைமுறை வந்ததால்தான் தேடல் தரவுக்கு இத்தனை மதிப்பு. கூகுளில் அழகு ட்ரெண்ட் அறிக்கைகளைத் தயாரித்த இருவர் வெளியே வந்து ஸ்பேட் என்ற நிறுவனத்தை நியூயார்க்கில் தொடங்கியதும் இதனால்தான். அடுத்து எந்தப் பொருள் வரும் என்று தேடலை வைத்துச் சொல்வதே அவர்கள் தொழில்.

தேடல் வேறு, தேவை வேறு

ஆனால் கூகுளே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறது. தேடலை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்கும் 'ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்' சேவையை 2008-ல் தொடங்கினார்கள். 2013-ன் தொடக்கத்தில் அது காட்டிய அளவு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். செய்தியைப் பார்த்துப் பயந்து தேடியவர்களும் அதில் சேர்ந்துவிட்டார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2015-ல் சேவையை மூடிவிட்டார்கள்.

சருமத்திலும் அப்படித்தான். ஸ்டீராய்டு கலந்த ஒரு க்ரீமின் பெயர் திடீரென ஏறுகிறது என்றால், கருவியைப் பொறுத்தவரை அது ஆர்வம். தோல் மருத்துவருக்கு அது சில மாதம் கழித்து, முகம் சிவந்து மெலிந்து வரப்போகும் நோயாளிகளின் வரிசை. முகத்தில் பூசும் ஸ்டீராய்டு க்ரீம்கள் மெடிக்கல் ஷாப்பில் தாராளமாகக் கிடைத்ததால் ஏற்பட்ட பாதிப்பைப் பார்த்துத்தான், 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு கட்டாயமான 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. 'விலை' என்ற சொல்லோடு ஏறும் தேடலும், 'சைட் எஃபெக்ட்' என்ற சொல்லோடு ஏறும் தேடலும் கோட்டில் ஒன்று போலத்தான் தெரியும். எந்தச் சொல்லோடு சேர்ந்து ஏறுகிறது என்று பிரித்துப் பார்க்காதவருக்கு இரண்டுமே 'டிமாண்ட்'.

மதுரை நலங்கு மாவுக்காரரும் கோடு ஏறியதைப் பார்த்த கையோடு பாக்கெட் போட்டுவிட முடியாது. 2020-ன் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதணும். கண்ணுக்கான பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகச் சேரும் பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது.

அந்தக் கடைசி விதி ஏன் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு, 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரே வகைச் சிறுநீரகப் பாதிப்போடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான வடிவம். அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசியவர்கள். பாதரசம். மருத்துவர்கள் இதை 2024-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அந்த க்ரீம்களை எந்த ட்ரெண்ட்ஸ் கோடும் முன்கூட்டிக் காட்டியிருக்காது. இப்படிப்பட்ட க்ரீம்கள் பலவற்றில் சரியான லேபிளே இருப்பதில்லை. யார் தயாரித்தது, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமே இல்லாத டப்பா. கூகுளில் தட்ட ஒரு பெயர் வேண்டுமே. முகத்துக்கு என்ன பூசினீர்கள் என்று மருத்துவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.